சாணி சாம்பிளுக்கு முன்னால் ஒரு போன் கால்

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்டிங் லேபில் பாதி ஆயுசைக் கழித்தவன், ஐம்பதைத் தாண்டியவன், போன வருஷம் வரைக்கும் வயிற்றுக்குள் கிருமி இருந்தால் அது வியாதி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மாட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க மாட்டு வயித்துல எவ்ளோ கிருமி கீதுன்னு பாக்க வரோம்மா" என்று பெருமையாக அறிவித்தேன். அந்த ஒரு பேச்சால் ஒரு கறவை மாடு சாகக் கிடந்தது.

சாம்பிள் எடுக்கிற வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே பால் விற்றுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, நடந்ததில் பாதி எனக்கே இன்னும் புரியவில்லை. எங்கேயாவது நான் தெளிவாகப் பேசுகிற மாதிரி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் நம்பாதீர்கள்.

1. பன்னீர் மாதிரி தண்ணீர்

எங்கள் லேப் ஒரகடம் பக்கம். என் வேலை ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போவது. கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற பிளாண்ட்டை இங்கே எல்லோரும் ஈடிபி என்பார்கள். அதிலிருந்து வெளியே வருகிற தண்ணீரை பாட்டிலில் பிடித்து, லேபிள் ஒட்டி, ஐஸில் வைத்து, கெட்டுப்போவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். மறைமலை நகரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் எந்த கம்பெனி கேன்டீனில் எந்தக் கிழமை வடை போடுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. வேறு பெரிய அறிவு கிடையாது.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுவது. "சார், சாம்பிள் எடுக்க வரோம்." கேட் பாஸ் போட வேண்டும், கூட வர ஆள் வேண்டும், அதற்காக என்று சொல்லிக்கொள்வோம். சொன்னபடி போய் நின்றால் தண்ணீர் பன்னீர் மாதிரி வரும். டேங்கைக் கழுவியிருப்பார்கள். கெமிக்கல் டோஸிங்கை ஏற்றியிருப்பார்கள். சில இடங்களில் போர்வெல் தண்ணீரும் ரகசியமாகச் சேர்ந்து ஓடும். எனக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால் வேலை போய்விடும். ஆகவே நடுவில் நின்று வடை சாப்பிட்டேன்.

2. மேடம் சொன்னதும் நான் தலையாட்டியதும்

சுகந்தி மேடம் கால்நடை ஆராய்ச்சி பண்ணுகிறவர். திருநெல்வேலிக்காரர். மாட்டுச் சாணி சாம்பிள் எடுத்துத் தர எங்கள் லேபைக் கேட்டார். லேபில் வேறு யாரும் மாட்டுப் பக்கம் போகத் தயாராக இல்லாததால் மேனேஜர் என்னைக் காட்டினார்.

மேடம் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"அண்ணாச்சி, மாடு புல்லைத் தானா செரிக்க முடியாது. வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கு. அதுதான் செரிச்சுக் கொடுக்கு. வாய்க்கால் ஓரத்துப் புல்லுல, தண்ணியில எல்லாம் நிக்கல், குரோமியம், ஈயம்னு கலந்து வந்தா அந்தக் கிருமிக்கு என்ன ஆகும்? சிலது செத்துப் போகலாம். சிலது தாக்குப்பிடிச்சு பெருகிடலாம். அதைத்தான் பாக்கப் போறோம்."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம். எனக்குள் போய்ச் சேர்ந்தது 'கிருமி' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

இரண்டு ஊர். ஒன்று, முலாம் பூசுகிற பிளேட்டிங் கம்பெனிகளுக்குப் பின்னால், அவற்றின் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம். இன்னொன்று வாலாஜாபாத் பக்கம், கம்பெனி வாடையே இல்லாத ஊர். இரண்டையும் ஒப்பிட வேண்டும். சாணியைத் தரையிலிருந்து அள்ளக் கூடாது, மண்ணில் இருக்கிற கிருமி சேர்ந்துவிடும். உறை போட்ட கையை மாட்டின் வாலுக்குக் கீழே விட்டு நேரடியாக எடுக்க வேண்டும். ஒரு டியூப் கிருமிக்கு, அது ஐஸில். இன்னொரு டியூப் உலோகத்துக்கு.

வழக்கம் போல எல்லோருக்கும் போன் பண்ணினேன். இந்தத் தடவை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே. மாட்டுக்காரர்களுக்கு மரியாதை கொடுக்கிறேனாம்.

3. பெண் பார்க்க வந்த மாதிரி

வாய்க்காலை ஒட்டின முதல் வீடு கஸ்தூரியுடையது. அவள் புருஷன் ஏழுமலை அங்கேயே ஒரு பிளேட்டிங் கம்பெனியில் ஈடிபி ஆபரேட்டர். மாடு ஒன்றுதான், மைனா என்று பெயர். பால் சொசைட்டிக்கும் மெயின் ரோட்டு டீக்கடைக்கும் போகும். அந்த வீட்டில் ஏழுமலையின் சம்பளம் பைக் டியூவுக்கும் சீட்டுக்கும் போய்விடும், அடுப்பு எரிவது மைனாவால்தான்.

போய் இறங்கினால் மைனா குளித்து, நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கிறது. கொட்டகை முழுக்க ஃபினாயில் வாசனை.

"இன்னாம்மா, நாங்க இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறோம்?"

"நீங்கதானணா டெஸ்டுன்னீங்க" என்றாள் கஸ்தூரி. சிரிக்கவில்லை.

கையை விட்டேன். சாணி கையில் நிற்கவில்லை, தண்ணீராக ஓடியது. புளித்த நாற்றம். மாடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. வெட்கப்படுகிறது என்று ஒரு ஜோக் அடித்தேன். ஏழுமலை மட்டும் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

"பாஸாயிடும்லணா?"

"சூப்பரா ஆயிடும்டா" என்றேன். எதில் பாஸ் என்று அவன் கேட்கிறான் என்பதை யோசிக்கவே இல்லை.

4. அசை போடாத மாடு

இரண்டு மூன்று நாளில் கஸ்தூரி போன் பண்ணினாள்.

"ணா, மைனா ஒண்ணியும் துன்ன மாட்டேங்குது. அசையே போடல. பாலும் நின்னு போச்சி. நீ கைய வுட்டு இன்னாணா பண்ண?"

"நான் இன்னாம்மா பண்ணேன், சாணிதானே எடுத்தேன்!"

"தெருவே உன்னைத்தான் சொல்லுது. எனக்கு இது ஒண்ணுதான் கீது. இது போச்சின்னா நான் எங்கணா போவேன்?"

அதே நாள் உலோக ரிசல்ட் வந்தது. அந்தத் தெரு மாடுகளிலேயே மைனாவுக்குத்தான் நிக்கலும் குரோமியமும் அதிகம். வாய்க்காலுக்குப் பக்கத்தில் மேய்கிற மாடு, உலோகமும் அதிகம், வயிறும் நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அசிங்கம்தான், ஆனால் உண்மை. பெரிய கண்டுபிடிப்பில் என் கையும் இருக்கிறது, அதுவும் முழங்கை வரைக்கும் இருக்கிறது என்று நினைத்தேன்.

மேடம் ஒரு கால்நடை டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தார். மைனா படுத்துக் கிடந்தது. டாக்டர் அதன் இடது வயிற்றில் முஷ்டியை அழுத்தி வைத்து ரொம்ப நேரம் காத்திருந்தார்.

"வயிறு அசையவே இல்ல. உள்ள வேலையே நடக்கல."

ரிசல்ட் பேப்பரை நீட்டினேன். "சார், மெட்டல் சார். இதால தான்."

பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டு மாடுகள் அதே வாய்க்கால் புல்லைத் தின்றுவிட்டு சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தன.

"அதுங்களுக்கும் இதே மெட்டல்தானே? கொஞ்சம் கம்மி, அவ்வளவுதானே? அதுங்க ஏன் விழல?"

மேடம் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "படிப்படியா கெடும்னுதான் நினைச்சேன். இப்படி ஒரேயடியா விழறது எனக்கும் புரியல" என்றார்.

டாக்டர் கஸ்தூரியிடம் திரும்பினார். "மருந்து ஏதாவது குடுத்தியாம்மா?"

"இல்ல சார்."

சொல்லிவிட்டு அவள் ஏழுமலையைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையை நான் ஈடிபி ரூம்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போர் தண்ணீர் வால்வு பக்கம் நான் நடந்தால் ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"ஏழுமல, சொல்லிடுடா" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீதானணா கிருமி எவ்ளோ கீதுன்னு பாக்க வரேன்னு போன் பண்ண. கிருமி நெறய கீதுன்னு ரிப்போர்ட் வந்தா சொசைட்டில பால் எடுக்க மாட்டான்னு இவ அழுவறா. அதான் மெடிக்கல்ல போயி கிருமி சாவறதுக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரன் குட்தான்."

"எவ்வளவு குடுத்தே?" என்றார் டாக்டர்.

"அவன் சொன்னதுக்கு டபுள் சார். இவரு வர நாள் வரைக்கும்."

டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "யோவ், ஆன்டிபயாடிக்யா இது! இதை இப்படி வாய் வழியா கொட்டினா வயித்துல இருக்கற நல்லது கெட்டது அத்தனையும் காலி. அப்புறம் யாருய்யா புல்லைச் செரிக்கறது, நீயா?"

"சாம்பிளுக்கு முன்னாடி டோஸிங் ஏத்தறதுதான சார் வழக்கம்? எங்க கம்பெனில எப்பவும்..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைனா மட்டும் பார்க்கவில்லை, அதற்கு அந்தத் தெம்பு இல்லை. வாலாஜாபாத் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கும் அதே போனைத்தான் போட்டிருந்தேன். அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. அங்கே யாரும் ஈடிபியில் வேலை பார்க்கவில்லை.

5. ஐஸ் பெட்டிக்குள் ஓர் உயிர்

டாக்டர் ஒரு வழி சொன்னார். நன்றாக அசை போடுகிற மாட்டின் வயிற்றிலிருந்து குழாய் விட்டு, அந்தப் புளித்த தண்ணீரை இறக்கி, மைனாவின் வயிற்றில் ஊற்ற வேண்டும். கிருமியைக் குடி மாற்றுகிற மாதிரி.

எந்த மாடு கொடுப்பது என்பதிலேயே குழப்பம். எதிர் வீட்டு மாடு பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அது வாய்க்கால் மாடு. "சுத்தமான ஊர் மாடுதான் நல்லது" என்றார் டாக்டர். "சுத்தமான ஊர் கிருமி இந்தப் புல்லுக்குத் தாங்குமான்னு தெரியலையே டாக்டர். இங்க இருக்கறது ஏற்கனவே பழகிப்போன கிருமி" என்றார் மேடம். "அப்ப எது மேடம் நல்லது?" என்றேன். "அதுதான் அண்ணாச்சி என் ஆராய்ச்சியே. முடிஞ்சாதான் தெரியும்." மைனா அதுவரைக்கும் காத்திருக்காது. டாக்டர் சொன்னபடி வாலாஜாபாத் பக்கமே போனோம், அவர் பைக்கில், நான் லேப் வேனில்.

அங்கே முனுசாமி என்பவரிடம் இரண்டு மாடு. டாக்டர் முதல் மாட்டின் வாயில் குழாயை இறக்கினார். பச்சையும் பழுப்புமாக வந்ததைத் துணியில் வடிகட்டி ஒரு கேனில் பிடித்து என்னிடம் கொடுத்தார். "நான் பைக்ல முன்னாடி போறேன். வேன்ல சீக்கிரமா கொண்டா."

சீக்கிரமாகத்தான் கொண்டு வந்தேன். ஷிப்ட் பஸ்களுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் மாதிரி புகுந்து வந்து, கேனை எடுத்து நீட்டினேன். வாங்கிய டாக்டர் கையை உதறினார்.

"இன்னாய்யா இது, ஜில்லுன்னு கீது?"

"ஐஸ்ல வச்சேன் சார். கெடாம இருக்க."

"அது சாம்பிள் இல்லய்யா, உயிரு! மாட்டு வயித்துச் சூட்டுலயே வரணும்யா! உயிரோட கொண்டாரச் சொன்னா மார்ச்சுவரில போட்டுக் கொண்டாந்துகீறே!"

என் கை பெட்டியைத் தானாகத் திறந்து, தானாக ஐஸைத் தள்ளி, தானாக வைத்துவிட்டது. மூளையைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அதுவும் ஐஸ் என்றுதான் சொல்லியிருக்கும்.

திரும்பவும் கிளம்பினோம். இந்தத் தடவை கஸ்தூரி டீக்கடையிலிருந்து ஒரு டீ கேனை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினாள். டாக்டரும் என்னை நம்பாமல் வேனிலேயே வந்தார். எங்களைப் பார்த்ததும் முனுசாமி எழுந்து நின்றார்.

"மறுபடியுமா? எம்மாட்டு வயிறு இன்னா வாட்டர் டேங்காய்யா?"

கஸ்தூரி அவர் முன்னால் கேனை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். அவர் முனகிக்கொண்டே இரண்டாவது மாட்டை அவிழ்த்துவந்தார்.

வரும்போது ஒரகடம் சிக்னலுக்கு முன்னால் டிரெய்லர் ஒன்று குறுக்கே நின்று ரோடு அடைத்துக்கொண்டது. கஸ்தூரி டீ கேனைத் துண்டில் சுற்றி மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். நான் ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ணா, பேசாம ஓட்டு" என்றாள்.

பேசாமல் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து டாக்டர் ஊற்றினார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. போன் பண்ணினால் கஸ்தூரி எடுக்கவில்லை, ஏழுமலை எடுத்து "இல்லணா" என்று மட்டும் சொல்லி வைத்தான். அதற்கும் மறுநாள் காலையில் மனசு கேட்காமல் நேரிலேயே போனேன். கஸ்தூரி மைனாவுக்கு எதிரே குந்திக்கொண்டு அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டிச் சத்தம் போடாதே என்றாள். மாட்டின் தாடை மெதுவாக ஒரு பக்கமாகப் போனது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஃபினாயில் வாசனை கண்ணில் பட்டால் எரியும்.

6. புரியாத புள்ளி

மாத்திரை வேகம் அடங்குகிற வரைக்கும் பாலைக் கறந்து கீழே ஊற்றச் சொன்னார் டாக்டர். ஊற்றினாள். சில வாரம் கழித்து மேடம் மறுபடியும் எல்லா மாட்டுக்கும் சாம்பிள் கேட்டார். ஒரே கண்டிஷன், போன் பண்ணக் கூடாது.

ரிசல்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் மாட்டுக்கு ஒரு புள்ளியாகக் காட்டினார். வாய்க்கால் ஊர் மாடுகள் ஒரு கூட்டமாக ஒரு பக்கம், வாலாஜாபாத் பக்கத்து மாடுகள் இன்னொரு பக்கம். வாய்க்கால் ஊரில் சில ஜாதிக் கிருமி குறைந்திருக்கிறது, உலோகத்தைத் தாங்குகிற சில ஜாதி கூடியிருக்கிறது. அப்படித் தாங்குகிறதில் சிலது மருந்தையும் தாங்குமாம். நடுவில் ஒரே ஒரு புள்ளி, எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனியாக நின்றது. மைனா.

"இது மெட்டலா மேடம், மாத்திரையா?"

"பிரிக்க முடியல அண்ணாச்சி. மெட்டல் பண்ணது எவ்வளவு, மாத்திரை பண்ணது எவ்வளவு, முனுசாமி மாடு கொடுத்தது எவ்வளவு? எல்லாம் கலந்து போச்சு. இந்த மாட்டைக் கணக்குல சேர்க்கவே முடியாது."

கஸ்தூரியிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப பாலு குடிக்கலாமா, கூடாதா?" மேடத்தைக் கேட்டேன். பாலைத் தனியாக, நிறைய தடவை டெஸ்ட் பண்ண வேண்டும், சாணியை வைத்துச் சொல்ல முடியாது என்றார். அந்த டெஸ்ட் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கஸ்தூரிக்கு நான் சொன்ன பதில், "பாப்போம்மா." என் சர்வீஸிலேயே அதைவிடக் கேவலமான ரிப்போர்ட் நான் கொடுத்ததில்லை.

நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் எந்த கம்பெனிக்கும் முன்கூட்டியே போன் பண்ணுவதில்லை. கேட்டில் செக்யூரிட்டி அரை நாள் நிற்க வைக்கிறான். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாப்பா, கஸ்டமரை விரட்டறியா?" என்கிறார். தண்ணீர் இப்போது பல இடங்களில் தண்ணீர் மாதிரியே வருவதில்லை. அதை அப்படியே பாட்டிலில் பிடிக்கிறேன். சாம்பிள் எடுக்கிறவன் வருகிறான் என்று தெரிந்தால் கம்பெனியும் தயாராகிறது, மாடும் தயாராகிறது. தயாரான பிறகு எடுக்கிற சாம்பிளை டெஸ்ட் பண்ணுவது, டெஸ்ட் பண்ணாமல் இருப்பதைவிட மோசம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

போன வாரம் மெயின் ரோட்டு டீக்கடையில் நின்று எங்கள் லேப் பையன்களுக்கு இந்தக் கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரெய்லரை ஒதுக்கி வேனை ஓட்டினது, கடைசியில் மைனாவைக் காப்பாற்றினது எல்லாம். பின்னால் கஸ்தூரி பால் ஊற்ற வந்து நிற்பதை நான் பார்க்கவில்லை. கேனைச் சாய்த்து ஊற்றி முடித்துவிட்டு, மூடியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"காப்பாத்தினேன்னு இன்னாத்துக்குணா சொல்லிகினு திரியற? அது இன்னிக்கும் அந்த வாய்க்கா ஓரத்துலதான் மேயுது."